உண்டு என்றால் நிலையா? பெயர்ப் பயனிலைகளின் வினைநோக்கும் களியக்காவிளைச் சந்தையும்

பெயர்ப் பயனிலைக்கும், உண்டு, இல்லை என முடியும் தொடர்களுக்கும் பொருள் குறிப்பீட்டில் வினைநோக்குக் (aspect) குறிக்கையில் யோசிக்காமல் ‘நிலை’ என்று எழுதிவிடும் போக்கு ஒன்று வேரூன்றியிருக்கிறது. குறிப்புவினையில் காலம் காட்டும் உறுப்பு இல்லை. ஆகவே நிகழ்ச்சியும் இல்லை என்பது அதன் வாதம். அந்த ‘ஆகவே’ நிற்காது.

இரண்டு தொடர்களே போதும். ‘களியக்காவிளையில் சந்தை உண்டு’. ‘இன்றைக்குச் சந்தை இல்லை.’ அங்குள்ள தமிழக-கேரள எல்லைச் சோதனைச் சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் இருப்பவர்கள் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். யாருக்கும் முரண் தோன்றாது. ஆனால் இரண்டுக்கும் ‘இருத்தல்’ என்னும் அருவப் பயனிலையைத் தலையாக வைத்து ‘நிலை’ என்று குறித்தால், ஒரே சந்தை இன்று இருக்கிறது என்றும் இல்லை என்றும் இயந்திரம் படிக்கும். இரண்டாம் தொடர் மறுப்பது சந்தை என்னும் இடத்தை அல்ல, சந்தை கூடுவதை.

இதற்குப் புதிய கொள்கை தேவையில்லை. வாக்கியப் பொருளைக் குறிக்க 2013இல் வந்த ஏஎம்ஆர் (Abstract Meaning Representation) குறிமுறை காலத்தையும் வினைநோக்கையும் விட்டுவிட்டது. அதன் வழிவந்த யுஎம்ஆர் (Uniform Meaning Representation), வினைநோக்கைச் சேர்த்ததோடு தெளிவான விதியும் தந்தது: செயற்போக்கு எந்தச் சொல்வடிவில் வந்தாலும் நிகழ்ச்சியே, பொருளும் நிலையும் பயனிலையாகும்போது மட்டும் நிகழ்ச்சியாகக் கொள்ளப்படும். அதன்படி இரண்டாம் தொடரில் தலை சந்தைதான். இல்லை என்பது மறுப்பை மட்டும் தருகிறது.

எந்தப் பெயர் எப்பக்கம் என்பதை எப்படி அறிவது? ‘நாளைக்குச் சந்தை உண்டு’ இயல்பானது. ‘நாளைக்குக் குழித்துறையில் பாலம் உண்டு’ என்றால் கேட்பவர் விழிப்பார். இந்தச் சோதனை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘நாளைக்கு லீவு உண்டு’ என்பது தேறிவிடுகிறது, லீவோ நிலைதான். ஆகவே இரண்டாவதாக, ‘பாதியில் கலைந்தது’, ‘நடந்துகொண்டிருக்கிறது’ போன்றவற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். சந்தை, கூட்டம், கல்யாணம் ஏற்கும், லீவு ஏற்காது. எல்லாப் பெயரும் இப்படித் தெளிவாகப் பிரியும் என்று நான் வாதிடவில்லை. காய்ச்சல் எனக்கு இன்னும் ஐயமே.

உண்டு, இல்லை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என நன்னூல் வகைப்படுத்துவது இங்கே பொருந்திவருகிறது. பாலும் இடமும் பற்றித் தாமாக எதுவும் சொல்லாத சொற்கள் வினைநோக்கையும் தாமாகச் சொல்ல வேண்டியதில்லை; அதைப் பெயரிடமே விட்டுவிடலாம். மரபிலக்கணமும் குறிப்புவினைக்குக் காலமே இல்லை என்று சொல்லவில்லை, குறிப்பாக உணரப்படும் என்றே சொன்னது.

நிகழ்ச்சிக்கு ‘உண்டு’ சொல்வது மலையாள வாடை வீசும் எல்லைப் பேச்சு என்ற மறுப்பு எழலாம். ஆனால் ‘மாலையில் கூட்டம் உண்டு’ என்று எந்த ஊர் அறிவிப்புப் பலகையும் எழுதும். அதற்கு மேல் பதில் தேவையில்லை.

வினையே இல்லாத தொடருக்கும் இதுவே பொருந்தும். ‘1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு.’ ‘1956 நவம்பர் 1, தமிழகத்தோடு குமரி இணைப்பு.’ இவற்றை நிலை என்று குறிக்க அந்தப் போக்கினருக்கே கை வராது. இரண்டும் நிறைவுற்ற நிகழ்ச்சிகள். ‘நாளைக்குச் சந்தை உண்டு’ என்பதற்கு நிறைவு என்று அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். செயற்போக்கு என்ற பொதுக்குறி போதும். ‘தினமும் சந்தை உண்டு’ வழக்கம்.

தமிழ்க் குறிப்பீட்டு விதிகளில் உண்டு, இல்லை இரண்டுக்கும் இயல்பாக இடப்படும் ‘நிலை’க் குறியை நீக்கிவிட வேண்டும், குறிப்பவர் முதலில் பெயரைச் சோதிக்கட்டும்.