செப்பு மூடியும் இரும்பாணியும்

குளிர்நாட்டு வீடுகளில் கணப்படுப்பின் புகைபோக்கிக்கு, மழையும் பறவையும் புகாதபடி செப்பு மூடி கவிப்பர். அதன் அழகைப் பலர் புகழக் கேட்டிருக்கிறேன். அதைப் பிணைக்கும் ஆணியைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆணியின் கதையோ, நேயர்களே, கடலில் தொடங்குகிறது.

1761-ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படையார் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிமரத்தைப் புழு அரியாவண்ணம் செப்புத் தகடு போர்த்தினர். ஈராண்டு கழித்து நோக்கியபோது, தகட்டைத் தொட்ட இரும்பாணிகள் துருக்குழம்பாகிக் கிடந்தன. இடையே பழுப்புக் காகிதம் அகப்பட்ட ஆணிகளே பிழைத்திருந்தன! ஈரத்தில் இவ்விரு உலோகங்களும் கூடினால் இரும்பே மாளும். 1780-களில் கடற்படை செப்புக் கலவை ஆணிகளுக்கு மாறியது.

கூரையுச்சியில் உப்புநீர் இல்லை. ஆயினும் நிலக்கரிப் புகையின் கந்தகம் மழையோடு சேர்ந்து அமிலமாகி அவ்வேலையைச் செய்துவிடும். ஆதலின் வீட்டுக்கேற்ப அளந்து மூடி வெட்டும் கைவினைஞர், செப்பாணி கொண்டே அதனைப் பொருத்துவர். நாளடைவில் மூடி பச்சை பூக்கும். நம் செப்புக்குடத்தைப்போல் அதைப் புளியிட்டுத் துலக்குவாரில்லை. அப்பச்சைப் படலமே தகட்டுக்குக் காப்பு.