எறும்புக்கு வைத்த தண்ணீர்

எங்கள் அம்மா இருந்தவரை சமையலறையில் ஒரு கம்பிவலை அலமாரி இருந்தது. பால், தயிர், மீதமான மீன் குழம்பு எல்லாம் அதற்குள்தான். நான்கு காலுக்கும் கீழே நான்கு பீங்கான் கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர். எறும்பு ஏறாது. உங்களில் பாதிப் பேர் வீட்டில் இது இருந்திருக்கும். அதே கிண்ணங்களை, ஓய்வு பெற்ற பிறகு படித்த ஒரு சரித்திரப் புத்தகத்தில் மறுபடியும் பார்த்தேன். பனாமாவில், ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குக் கீழே!

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் பாடத்தில் பெர்தினான் தெ லெசெப்ஸ் ஒரு மகாபுருஷர். 1869இல் சூயஸ் கால்வாயைத் திறந்தவர். அவரே 1881இல் பனாமாவில் இன்னொரு கால்வாய் தோண்டத் தொடங்கி, 1889இல் கம்பெனியே திவாலான கதையை எங்கள் முசியே ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அந்த எட்டு வருஷத்தில் இறந்தவர்கள் சுமார் 22,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும்தான் காரணம். (மஞ்சள் காமாலையோடு இதைக் குழப்ப வேண்டாம். இந்த நோய் நம் நாட்டில் கிடையாது. ஆனால் பரப்புவது ஏடிஸ் கொசு, நமக்கு டெங்கு கொடுக்கிற அதே கொசு.)

பிரெஞ்சுக்காரர்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை. ஆங்கோன் குன்றின் மேல் பெரிய ஆஸ்பத்திரி கட்டினார்கள். கன்னியாஸ்திரீகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். சுற்றிலும் பூந்தோட்டம். அந்த ஊர் எறும்பு இலையை எல்லாம் வெட்டிக்கொண்டு போய்விடும் என்பதால் செடிகளைச் சுற்றி மண் தொட்டியில் தண்ணீர் கட்டினார்கள். வார்டுக்குள் கட்டில் கால்களுக்கும் அதே ஏற்பாடு. ஜன்னல்களுக்கு வலை இல்லை. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. கொசு கட்டிலுக்கடியிலேயே பொரித்து, ஒரு நோயாளியைக் கடித்து, பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. வேறு ஏதோ உபாதைக்கு வந்து படுத்தவனுக்கும் அங்கேயே மஞ்சள் காய்ச்சல் வந்தது. அத்தனை பரிவோடு பார்த்துக்கொண்ட அந்தச் சகோதரிகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

இதில் வேதனை என்னவென்றால், அதே 1881இல், அதிக தூரமில்லாத கியூபாவின் ஹவானா நகரில், கார்லோஸ் பின்லே என்ற டாக்டர் "இது கொசுவின் வேலை" என்று அறிஞர் சபையில் கட்டுரையே வாசித்துவிட்டார். அவரும் பிரான்சில் பள்ளிக்கூடம் போனவர்தான். ஏறக்குறைய இருபது வருஷம் யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1900இல் வால்டர் ரீட் தலைமையில் அமெரிக்க ராணுவ டாக்டர்கள் சோதித்து, பின்லே சொன்னது சரி என்றார்கள். அந்தச் சோதனைகளின்போது ஜெஸி லசியர் என்ற டாக்டர் அந்தக் காய்ச்சலிலேயே உயிரை விட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர் கோர்காஸ். ஹவானாவில் வீடு வீடாக ஆள் அனுப்பி, தொட்டி, பீப்பாய், ஜாடி என்று தண்ணீர் நிற்கும் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்தார். மூடு, கொட்டு, முடியாவிட்டால் மேலே எண்ணெய் ஊற்று. அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக அந்த ஊரை விடாத நோய் 1901இலேயே ஓய்ந்தது.

1904இல் அமெரிக்கர்கள் கால்வாய் வேலையை எடுத்தபோது அவர் பனாமாவுக்கு வந்தார். மேலதிகாரிகளுக்குக் கொசு விஷயம் வெறும் பைத்தியக்காரத்தனம். கேட்ட சாமான்கள் வரவில்லை. (கோப்பு எப்படித் தூங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.) 1905இல் காய்ச்சல் பரவி, வந்த அமெரிக்கர்கள் கப்பலேறித் திரும்பி ஓட ஆரம்பித்த பிறகே பணம் வந்தது. புதிதாக வந்த தலைமைப் பொறியாளர் ஸ்டீவன்ஸ் கேட்டதைக் கொடுத்தார். நாலாயிரம் ஆட்கள் பனாமா நகரத்தில் வீடு வீடாகப் புகை போட்டார்கள். கூடவே குழாய்த் தண்ணீரும் வந்தது. அந்த நவம்பரோடு நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் சாவு நின்றது. 1914இல் கால்வாய் திறந்தது.

புத்தகங்கள் புகை போட்டதைத்தான் பெரிதாக எழுதுகின்றன. எனக்கென்னவோ குழாய்தான் பெரிது. தண்ணீர் எப்போது வருமோ என்று பயப்படுகிறவன் பீப்பாயைக் கவிழ்க்க மாட்டான். நம் தெருவில் டிரம் இல்லாத வீடு எத்தனை?

நம் ஊரிலும் 1975இல் கொசு ஆராய்ச்சி மையம் வந்தது. 1981 முதல் 1985 வரை யானைக்கால் நோயை எதிர்த்து ஐந்து வருஷம் பெரிய வேலை நடந்தது. அது சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு, வேறு ஜாதி. அந்த ஐந்து வருஷத்தில் கொசு நன்றாகக் குறைந்தது. திட்டம் முடிந்ததும் திரும்பி வந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெரிய மேதாவி மாதிரி உட்கார்ந்திருந்த என் வீட்டில்தான் பேத்திக்கு டெங்கு வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. தினமும் தட்டணு எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டு நானும் மருமகளும் பாதி உயிராகிவிட்டோம். பிள்ளை வீடு திரும்பிய மறுநாள் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண் வந்தாள்.

"தாத்தா, பிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தலாமா?" என்றாள்.

பின்னால், தண்ணீர் சொட்டும் தட்டில், புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவள் கொட்டினாள். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும், வாரம் ஒரு தடவை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும் என்றாள். பிறகு தோட்டத்துப் பக்கம் போனாள். அம்மாவின் நான்கு கிண்ணத்தில் இரண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். அவற்றையும் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள்.