ஜிர்கானின் வயதும் அதன் காந்தத்தின் வயதும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் திரள்பாறையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஜிர்கான் மணிகளுள் சில 400 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. மிகப் பழையதன் வயது ஏறத்தாழ 440 கோடி ஆண்டு. அவை விளைந்த பாறைகள் எப்போதோ அழிந்துவிட்டன. ஆகவே புவியின் இளமைக் காலத்தைப் பற்றி எதை அறிய விரும்பினாலும் இந்த மணிகளை நாட வேண்டியிருக்கிறது. 2015இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் டார்டுனோவும் உடனாய்வாளர்களும், 420 கோடி ஆண்டுகளுக்கு முன்பே புவிக்குக் காந்தப் புலம் இருந்தது என்று இம்மணிகளைக் கொண்டு ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தனர். அம்முடிவு பொய் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. படிகம் எப்போது விளைந்தது என்பதற்கான சான்று, அதில் காந்தம் எப்போது ஏறியது என்பதற்குச் சான்றாகாது. ஜாக் ஹில்ஸைப் பொறுத்தவரை இரண்டாவது வினா இன்னும் திறந்தே கிடக்கிறது என்பதே என் வாதம்.

ஜிர்கான் தானாகக் காந்தத்தைத் தாங்கும் கனிமம் அன்று. அதற்குள் சிக்கியிருக்கும் மேக்னடைட் துகள்களே காந்தத்தைச் சுமக்கின்றன. பாறைக்குழம்பில் விளைந்த துகள் 580 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரும்போது அன்றைய புலம் அதில் பதிகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத மணியை ஆய்வகத்தில் லேசரால் படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் எஞ்சும் காந்தத்தை ஸ்குவிட் காந்தமானியில் அளக்கிறார்கள். 580 பாகையை நெருங்கும்வரை அழியாமல் நிற்கும் கூறே ஆதிக்கூறு எனக் கொள்ளப்படுகிறது. பிறகு யுரேனியம்–காரீய முறையில் மணியின் வயதைக் கணித்து, அந்த வயதையே புலத்துக்கும் சூட்டுகிறார்கள். சிக்கல் இந்தக் கடைசி அடியில் இருக்கிறது. பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவில் பெயர் வெட்டியிருந்தால், அண்டா வார்த்த ஆண்டே பெயர் வெட்டிய ஆண்டாகிவிடாது.

மேக்னடைட் பின்னாளில் நுழைய வழி உண்டா? உண்டு; அந்த வழியை ஜிர்கானின் யுரேனியமே திறந்துவிடுகிறது. வயதைக் காட்டித்தரும் அதே கதிரியக்கச் சிதைவு கோடிக்கணக்கான ஆண்டுகளில் படிக அமைப்பைக் குலைக்கிறது. குலைந்த பகுதிகளிலும் விரிசல்களிலும் இரும்பைச் சுமந்த நீர்மங்கள் ஊடுருவினால் அங்கே புதிய மேக்னடைட் விளையும். விளையும்போதே அந்நாளைய புலத்தைப் பதித்துக்கொள்ளும். 2018இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பெஞ்சமின் வைஸ் குழுவினர் இம்மணிகளில் இரண்டாம்நிலை இரும்புக் கனிமங்களைக் காட்டினர். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியைக் கொண்டு, ஒருகாலத்தில் கதிரியக்கத்தால் சேதமுற்ற பகுதிகளிலும் படிகப் பிறழ்வுகளின் நெடுகிலும் நானோமீட்டர் அளவு மேக்னடைட் துகள்கள் இருப்பதைக் கண்டனர். அங்கே அவை படிகம் பிறந்தபோதே அமைந்திருக்க இயலாது, ஏனெனில் சேதம் ஏற்பட்ட பின்னரே அந்த இடங்கள் உண்டாயின.

இதற்கு எழும் மறுப்புகள் வலுவானவை. ஜாக் ஹில்ஸ் பாறை பிற்காலத்தில் அடைந்த வெப்பம் 580 பாகைக்குக் கீழேயே நின்றது. அதனால் ஆதிக்கூறு அழிந்திருக்காது என்பது முதல் மறுப்பு. வெப்பத்தைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். ஆனால் வேதிவினையால் ஏறும் காந்தத்துக்கு 580 பாகை தேவையே இல்லை. அவ்வாறு விளைந்த மேக்னடைட்டும் ஆய்வகத்தில் 580 பாகை வரை தாக்குப்பிடிக்கும் என்பதால், வெப்பச் சோதனையால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அடுத்தது திரள்பாறைச் சோதனை: மணிக்கு மணி காந்தத் திசை மாறுபட்டால், படிந்த பிறகு மொத்தமாக மறுகாந்தமேற்றம் நிகழவில்லை என்று பொருள். மாறுபாடு உண்மையானதா என்பதிலேயே இரு தரப்புக்கும் வழக்கு இருக்கிறது. உண்மை என்றே கொள்வோம். அத்திரள்பாறை படிந்தது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே இச்சோதனை வெற்றி பெற்றாலும் அதன் காப்பு 300 கோடியிலிருந்தே தொடங்குகிறது. 420 கோடிக்கும் 300 கோடிக்கும் இடைப்பட்ட 120 கோடி ஆண்டுகளில் மணி எந்தப் பாறையில் கிடந்தது, எந்த நீர்மத்தில் ஊறியது என்பதைக் களத்தில் சோதிக்க வழியே இல்லை. தாய்ப்பாறையை விட்டுப் பிரிந்து ஆற்றில் உருண்டு வந்த மணி, அண்டைப் பாறைகளோடு தனக்கிருந்த உறவை இழந்துவிட்டது. தொல்காந்தவியலின் நல்ல சோதனைகள் எல்லாம் அந்த உறவை நம்பியவை.

2023இல் டார்டுனோ குழு ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தது இன்னும் கடினமான மறுப்பு. தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பகுதி ஜிர்கான்களும் ஜாக் ஹில்ஸ் ஜிர்கான்களும் 390 கோடி முதல் 340 கோடி ஆண்டு வரை மாறாத புல வலிமையைக் காட்டுகின்றன. இரு கண்டங்களின் ஒற்றுமை தற்செயலாகுமா? என்னைச் சற்றே தயங்க வைப்பது இந்தச் சான்றுதான். ஆயினும் வெவ்வேறு வயதுள்ள மணிகள் ஒரே பிற்கால நிகழ்வில் காந்தமேறியிருந்தாலும் வலிமை மாறாமல்தான் தெரியும். அதைவிட முற்பட்ட மணிகளில் வயதுக்கேற்ப வலிமை மாறுவது இதற்கு எதிரான சான்று என்பார்கள். அந்த மாற்றத்தை மெய்ப்பிக்க, ஒவ்வொரு மணியிலும் காந்தத்தைச் சுமப்பது ஆதி மேக்னடைட்டே என்று தனித்தனியாகக் காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டாத வரை, 410 கோடிக்கும் 400 கோடிக்கும் இடையில் புலம் வலுத்திருந்தது எனக் கொண்டு, அதைப் புவிக்கருவில் நிகழ்ந்த வேதிப் படிவால் விளக்குவது அவசரம்.

வேதிவினைக் காந்தம் என்பதாலேயே ஒரு பதிவைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கிரீன்லாந்தின் இசுவா பட்டை இரும்புப் பாறையை ஆராய்ந்து கிளேர் நிக்கோல்ஸ் குழு 2024இல் வெளியிட்ட முடிவு அவ்வகைக் காந்தத்தையே நம்பியது. ஆனால் அந்தப் பாறை பிறந்த பகுதியிலேயே இருக்கிறது. பாறை மடிந்த காலமும், பின்னாளில் அதை ஊடுருவிய தீப்பாறைகளின் காலமும் தெரியும். காந்தம் அவற்றுக்கு முற்பட்டதா என்று சோதிக்கலாம். ஏறத்தாழ 370 கோடி ஆண்டுகளுக்கு முன் 15 மைக்ரோடெஸ்லாவுக்குக் குறையாத புலம் இருந்தது என்பது அவர்கள் கணிப்பு. ஆய்வாளர்களே அதை ‘இருக்கக்கூடிய’ பதிவு என்று அடக்கமாகவே குறித்தார்கள். ஜாக் ஹில்ஸுக்குச் சொல்லப்படும் 420 கோடி ஆண்டுப் பதிவைவிட 50 கோடி ஆண்டு இளையது என்றாலும், புவிகாந்தத்தின் தொடக்க எல்லையை இப்போதைக்கு நான் இசுவாவில்தான் வைப்பேன்.