வைஃபை ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் வரலையா? காரணம் இதுதான்!

2021 அக்டோபர் 4. இந்திய நேரப்படி இரவு 9 மணியைத் தாண்டியதும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் முடங்கின. வைஃபை ஃபுல் சிக்னல் காட்டியது, மெசேஜ்தான் போகவில்லை. ஏன்?

வைஃபை கோடுகள் சொல்வது என்ன?
போனுக்கும் வீட்டு ரூட்டருக்கும் இடையிலான ரேடியோ இணைப்பை மட்டுமே அவை காட்டும். அதற்கு அப்பால் நடப்பது அதில் தெரியாது.

ஸ்விட்ச், ரூட்டர்: என்ன வித்தியாசம்?
ஒரே வீடு, ஆபீஸுக்குள் இருக்கும் கருவிகளை இணைப்பது ஸ்விட்ச். மேக் முகவரியைப் பார்த்து உரிய கருவிக்கு டேட்டாவை அனுப்பும். வெளியே போகும் டேட்டாவை ஐபி முகவரி பார்த்து அடுத்த நெட்வொர்க்குக்கு அனுப்புவது ரூட்டர். வீட்டில் இருக்கும் வைஃபை பெட்டிக்குள் இந்த இரண்டும் உண்டு. 'எங்கள் முகவரிக்கு இதுதான் வழி' என்று பெரிய நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் முறைக்கு பிஜிபி என்று பெயர்.

அன்று நடந்தது என்ன?
பராமரிப்புப் பணியில் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையால், ஃபேஸ்புக் டேட்டா சென்டர்களுக்கு இடையிலான இணைப்பு அறுந்தது. உடனே அதன் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் பிஜிபி அறிவிப்பைத் தானாகவே திரும்பப் பெற்றன. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன, அங்கே போக வழிதான் இல்லை. மீண்டுவர சுமார் 6 மணி நேரம் ஆனது.

நீங்க என்ன செய்யலாம்?
ஒரு ஆப் மட்டும் வரலைன்னா, சிக்கல் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் பக்கம்தான். எதுவுமே வரலைன்னா மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்க. அதுல வந்தா, ரூட்டரையோ பிராட்பேண்ட் லைனையோ கவனிக்கணும்.