அடுத்த ஆசிரியரைக் காட்டியவர்கள்

கி.பி. 640 வாக்கில் காஞ்சிபுரத்துக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற நினைத்திருந்தார். யோகாசாரம் என்னும் பௌத்தப் பிரிவின் நூல்களை ஆழ்ந்து கற்றவர்கள் இலங்கையில் இருப்பதாக அவருக்குச் செய்தி. ஆனால் இலங்கைப் பிக்குகளின் பெருங்கூட்டம் ஒன்று காஞ்சியிலேயே எதிர்ப்பட்டது. அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம், அதனால் கடல் கடந்து வந்தோம் என்றார்கள். யுவான் சுவாங் அவர்களிடம் தமக்குத் தெளிவு வேண்டிய பகுதிகளைக் கேட்டுப் பார்த்தார். நாளந்தாவில் தம் ஆசிரியர் சீலபத்திரர் சொல்லிக்கொடுத்ததை மிஞ்சும் விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. இலங்கைப் பயணத்தைக் கைவிட்டார். அவருடைய மாணவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்த நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது.

அந்தச் சீலபத்திரருக்கு ஆசிரியர் தருமபாலர். காஞ்சியில் அமைச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்து, துறவு பூண்டு, வடக்கே போய் நாளந்தாவுக்கே தலைவரானவர். காஞ்சியிலிருந்து புறப்பட்ட படிப்பு இரண்டு தலைமுறை கழித்து ஒரு சீன மாணவரின் தலைக்குள் ஏறிக் காஞ்சிக்கே திரும்பியது.

காஞ்சியின் கல்வி வரலாற்றை மன்னர்களின் கொடைகளாகச் சொல்வதே வழக்கம். கொடைகள் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது, உண்மைதான். ஆனால் என்ன படிப்பது, யாரிடம் படிப்பது, எப்போது இடம் மாறுவது என்று மாணவர்களுக்கு யார் சொன்னார்கள்? இந்தக் கேள்வியோடு பார்த்தால் இந்த ஊர் வேறு மாதிரி தெரிகிறது.

பல்லவர் காலத்தில் கடிகை என்னும் உயர்கல்விக் கூடத்துக்கு மாணவர் தனியாக வந்து நிற்கவில்லை. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள தாளகுண்டாத் தூண் கல்வெட்டு, மயூரசர்மன் என்னும் இளைஞன் தன் குரு வீரசர்மனோடு காஞ்சிக் கடிகைக்கு வந்ததைச் சொல்கிறது. 4ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சி இது. மேற்படிப்புக்கு உரிய இடம் எது என்று தெரிந்து, மாணவனைத் தானே அழைத்து வந்து சேர்த்த குரு அவர். அந்தப் படிப்பு முடியவில்லை. பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட சண்டையில் அவமானப்பட்ட மயூரசர்மன் வாளை எடுத்தான். கதம்ப அரசு பிறந்தது.

கடிகையாரின் சொல்லுக்கு அரண்மனையிலும் எடை இருந்தது. 8ஆம் நூற்றாண்டில் பல்லவ அரியணைக்கு வாரிசு இல்லாமல் போனபோது, இரணியவர்மனிடம் சென்று அரசனைக் கேட்டவர்களில் கடிகையாரும் இருந்தார்கள் என்று வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டு கூறுகிறது. அப்படிக் கிடைத்தவன்தான், சிறுவனாக வந்து ஆட்சியேற்ற இரண்டாம் நந்திவர்மன்.

மாணவரின் அன்றாடம் எப்படி இருந்தது என்பதைக் கிட்டத்தில் காட்டுவது திருமுக்கூடல். காஞ்சிக்குத் தென்கிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் இடம். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆண்டு ஏறத்தாழ 1067. ரிக் வேதத்துக்கு ஓர் ஆசிரியர், 10 மாணவர். யசுர் வேதத்துக்கும் அப்படியே. இலக்கணத்துக்கு ஓர் ஆசிரியர், 20 மாணவர். சாப்பாடு, இரவில் விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. காய்ச்சலில் விழுந்த மாணவரை எங்கே படுக்க வைப்பது என்பதுவரை யோசித்த ஏற்பாடு இது. நம் காலத்தில் கல்லூரிகளைத் தரமிடும் நாக் அமைப்பு, ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று எண்ணிக்கை கேட்டதுண்டு. திருமுக்கூடல் அந்த எண்ணிக்கையைக் கல்லிலேயே வெட்டிவைத்துவிட்டது.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு அதே நூற்றாண்டில், அதே வட்டாரத்தில் ஒரு சான்று உண்டு.

காஞ்சிக்கு மேற்கே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் வேதாந்தம் கற்பித்தார். அவரிடம் படித்தவர் இராமானுசர். சாந்தோக்ய உபநிடதத்தில் இறைவனின் கண்ணை வருணிக்கும் ஒரு தொடருக்கு ஆசிரியர் குரங்கின் பின்புறத்தை ஒப்பிட்டுப் பொருள் சொல்ல, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் அவர் தொடையில் சுட்டது என்கின்றன வைணவக் குருபரம்பரை நூல்கள். கதிரவனால் மலர்ந்த தாமரை என்பது மாணவர் சொன்ன பொருள். பிணக்கு வளர்ந்தது. காசிப் பயணத்தில் மாணவரைக் கங்கையில் தள்ளிவிடத் திட்டம் போட்டார்கள் என்றும், உடன் படித்த தம்பி முறை உறவினர் கோவிந்தர் எச்சரித்துத் தப்பவைத்தார் என்றும் அந்த நூல்கள் சொல்கின்றன. பக்தர்கள் கட்டிக்காத்த கதை இது; நடந்தது நடந்தபடி என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியரோடு உடன்பட முடியாத மாணவரின் தவிப்பு இதில் உள்ளபடி தெரிகிறது.

காஞ்சிக்குத் திரும்பிய இராமானுசர் போய் நின்றது திருக்கச்சி நம்பியிடம். பூந்தமல்லிக்காரர், வணிகக் குலத்தவர், வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் இராமானுசர். நம்பி இசையவில்லை, தம் குலத்தைக் காரணம் காட்டினார். சாலைக்கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தினமும் தீர்த்தம் கொண்டுவரும் வேலையைச் சொன்னார். பின்னொரு நாள், மனத்திலிருக்கும் ஐயங்களுக்குப் பெருமாளிடம் விடை கேட்டுச் சொல்லுங்கள் என்று இராமானுசர் வேண்ட, நம்பி ஆறு விடைகளோடு வந்தார். ஐந்து விடைகள் தத்துவம் பற்றியவை. ஆறாவது, பெரிய நம்பியை ஆசிரியராகக் கொள் என்பது. திருவரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த பெரிய நம்பியை மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கோயிலில் சந்தித்து அங்கேயே சீடரானார் இராமானுசர்.

வைணவர்கள் போற்றுவது முதல் ஐந்தை. கல்வியின் வரலாற்றில் ஆறாவதுக்கே கனம் அதிகம். தேடிவந்த மாணவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளாமல், அவருக்கு ஏற்ற ஆளின் பெயரைச் சொல்லி அனுப்பிவைத்தார் நம்பி. அவரை ஆசிரியர் இருக்கையில் அமரவிடாதது சாதி என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காஞ்சிக் கடிகையைப் பேசும் பல்லவச் செப்பேடுகள் பிராமணர்களின் கடிகை என்றுதான் அதைக் குறிக்கின்றன. அந்த வாசல் தறிகாரர் வீட்டுப் பிள்ளைக்குத் திறக்கவில்லை.

யாதவப்பிரகாசரின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. முதுமையில் தம் பழைய மாணவரிடமே சீடராகி, கோவிந்த சீயர் என்ற பெயர் பெற்றார் என்கிறது வைணவ மரபு. துறவியர் ஒழுக்கம் பற்றி அவர் தொகுத்த ‘யதிதர்மசமுச்சயம்’ இன்றும் கிடைக்கிறது.

தறிகாரர் வீட்டுப் பிள்ளைக்கு வாசல் திறக்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1909இல் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை, ஊரிலிருந்த பச்சையப்பன் பள்ளியில் படித்தார். வீட்டு நெருக்கடியால் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலையும் பார்த்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்ததும் வேலை தேடப் போக நினைத்தவரை, கல்லூரி முதல்வர்தான் உதவிக்கு வழி செய்து ஆனர்ஸ் வகுப்பில் சேர வற்புறுத்தினார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பொருளாதாரத்தில் எம்.ஏ. பட்டத்தோடு வெளியே வந்த அவர், 1967இல் அன்றைய சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார்.

பட்டு நெய்யும் தெருக்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று எடுத்துச் சொல்ல, 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளை அரசு மாவட்டந்தோறும் நடத்தியிருக்கிறது. கல்லூரிக்குள் நுழைந்த பிறகு பாடம் பிடிக்கவில்லை, வேறு துறைக்கு மாறலாமா என்று அந்தப் பிள்ளை கேட்கும்போது, உட்காரவைத்துப் பதில் சொல்லும் ஆசிரியருக்கு அதற்கான நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தர வேண்டும்.