மேகக் கணிமைக்கான லினக்ஸ் சர்வர் இமேஜ்

லினக்ஸ் சர்வர் இமேஜ் என்பது மேகக் கணிமைச் சேவைகளில் மெய்நிகர் சர்வர் ஒன்றைத் தொடங்கப் பயன்படும் ஆயத்த வட்டு நகலாகும். இயங்குதளம் முன்பே நிறுவப்பட்டு, முதல் இயக்கத்துக்குத் தயாரான நிலையில் அதில் இருக்கும். பயனர் ஓர் இமேஜைத் தேர்ந்தெடுத்ததும் சேவை நிறுவனம் அதைப் புதிய வட்டில் படியெடுத்து, ஓரிரு நிமிடங்களில் சர்வரை இயக்கித் தருகிறது. 2006 ஆகஸ்டில் அமேசான் தொடங்கிய ஈசி2 சேவையில் இமேஜுக்கு ஏஎம்ஐ என்று பெயர்.

சர்வரின் நினைவகத்தையும் செயலித் திறனையும் பின்னால் கூட்டலாம், குறைக்கலாம். அடியில் உள்ள இயங்குதளத்தை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. பெரும்பாலும் புதிய சர்வரை எழுப்பி, மென்பொருளையும் தரவையும் அங்கே கொண்டுபோக வேண்டிவரும். எனவே இமேஜைத் தெரிவு செய்யும்போது வேகத்தைவிட, அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆதரவு உண்டு, அதை வெளியிட்டவர் யார் என்பவையே முதன்மை பெறுகின்றன.

உள்ளடக்கம்

ஓர் இமேஜில் பூட்லோடர், கெர்னல், கோப்பு முறைமை, அடிப்படை மென்பொருள் தொகுப்புகள், மெய்நிகர் வன்பொருளுக்கான டிரைவர்கள், எஸ்எஸ்எச் சர்வர் ஆகியவை இருக்கும். சாதாரண நிறுவலிலிருந்து அதை வேறுபடுத்துவது கிளவுட்-இனிட் என்ற மென்பொருள். முதலில் உபுண்டுவுக்காக எழுதப்பட்ட இது இன்று ஏறக்குறைய எல்லா முக்கிய லினக்ஸ் வழங்கல்களிலும் இடம்பெறுகிறது. சர்வர் முதன்முறை எழும்போது சேவை நிறுவனம் தரும் தகவல்களைப் படித்துப் பெயர் சூட்டுவது, பயனரின் பொதுச் சாவியைப் பதிவது, வட்டின் முழு அளவுக்குக் கோப்பு முறைமையை விரிப்பது, பயனர் எழுதிய தொடக்க ஸ்கிரிப்டை இயக்குவது எல்லாம் இதன் வேலை.

இத்தகைய இமேஜ்களில் பொதுவாகக் கடவுச்சொல் வைக்கப்படுவதில்லை. சாவியைக் கொண்டே உள்நுழைய வேண்டும். தொடக்கப் பயனர் பெயர் இமேஜுக்கு இமேஜ் மாறும். அமேசான் தளத்தில் உபுண்டுவுக்கு ‘உபுண்டு’, டெபியனுக்கு ‘அட்மின்’, அமேசான் லினக்ஸுக்கு ‘ஈசி2-யூசர்’. கோப்பு வடிவமும் ஒன்றல்ல. ஓப்பன்ஸ்டாக் போன்ற, கேவிஎம் மெய்நிகராக்கம் சார்ந்த தளங்களில் கியூகவ்2 வடிவம் வழக்கம். மைக்ரோசாஃப்ட் அஸூர் நிலையான அளவுள்ள விஎச்டி வடிவத்தையே ஏற்கிறது.

முக்கிய வழங்கல்கள்

டெபியன் 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம். தன்னார்வலர்கள் நடத்துவது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நிலைப் பதிப்பு வரும். முதல் மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அடுத்த இரண்டு ஆண்டுகள் தனிக் குழுவொன்றின் நீட்டித்த ஆதரவும் கிடைக்கும். டெபியனை அடித்தளமாகக் கொண்ட உபுண்டுவைக் கனோனிக்கல் நிறுவனம் வெளியிடுகிறது. இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் அதன் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. உபுண்டு புரோ சந்தாவில் அது பத்து ஆண்டாகும்.

ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் பத்து ஆண்டு ஆதரவுடன் வரும் வணிக வழங்கல். ஆரக்கிள், எஸ்ஏபி போன்ற நிறுவனங்களின் மென்பொருள்கள் இதில் சான்றளிக்கப்பட்டிருப்பது பெரு நிறுவனங்களை ஈர்க்கிறது. ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகிய இரண்டும் இதனோடு இணக்கமான இலவச வழங்கல்கள்.

அமேசான் லினக்ஸ் 2023 அமேசான் தளத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. ரெட் ஹேட் ஆதரிக்கும் சமூக வழங்கலான ஃபெடோராவின் கூறுகள் இதில் இருந்தாலும், ரெட் ஹேட் குடும்பத்தார் நம்பியிருக்கும் இபெல் தொகுப்புக் களஞ்சியம் இதற்குப் பொருந்தாது. ஆல்பைன் லினக்ஸ் மிகச் சிறியது; ஆனால் ஜிலிப்சி என்ற வழக்கமான சி நூலகத்துக்குப் பதில் மசல் நூலகத்தைப் பயன்படுத்துவதால், ஆயத்தமாகத் தொகுக்கப்பட்ட பல மென்பொருள்கள் அதில் நேரடியாக ஓடா.

ஆதரவுக் காலம்

ஆதரவு முடிந்த இமேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். பல ஆண்டுகளாக வாடகைச் சர்வர்களில் பரவலாக இருந்த சென்ட்ஓஎஸ் இதற்குச் சான்று. ரெட் ஹேட் அமைப்பின் இலவச மறுவடிவமான சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை நீடிக்கும் என்று பயனர்கள் நம்பியிருந்தனர். 2021 இறுதியோடு அது நிறுத்தப்படும் என 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அறிவித்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப 2021இல் ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வெளிவந்தன. பின்னதைத் தொடங்கியவர், சென்ட்ஓஎஸ் திட்டத்தின் தொடக்கக் கால நிறுவனர்களுள் ஒருவரான கிரிகரி கர்ட்சர். சென்ட்ஓஎஸ் 7இன் ஆதரவும் 2024 ஜூன் 30 அன்று முடிந்தது.

அறிவிக்கப்பட்ட முடிவு நாளோடு, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும் என்பதே இந்நிகழ்வு தந்த பாடம்.

வெளியீட்டாளரும் நம்பகமும்

அமேசான் போன்ற தளங்களில் எவரும் இமேஜைப் பொதுவில் வெளியிடலாம். பெயரை மட்டும் பார்த்து எடுப்பது ஆபத்து. அமேசானில் உரிமையாளரைக் குறிப்பிடாமல், ஒரு பெயருக்குப் பொருந்தும் மிகப் புதிய இமேஜை எடுக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதினால், அதே பாணியில் பெயர் சூட்டி வேறொருவர் வெளியிட்ட இமேஜ் சிக்கக்கூடும். 2025இல் டேட்டாடாக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை விளக்கிக் காட்டினர். உரிமையாளர் எண்ணைச் சரிபார்ப்பதே இதற்குத் தடுப்பு. உபுண்டு இமேஜ்களுக்குக் கனோனிக்கலின் எண் 099720109477. ஒரே இமேஜுக்கு மும்பையில் ஓர் அடையாள எண்ணும் ஐதராபாத்தில் வேறோர் எண்ணும் இருக்கும் என்பதையும் ஸ்கிரிப்ட் எழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

புதுமையை விட நிலைப் பதிப்பு ஏன் விரும்பப்படுகிறது என்பதற்கு எக்ஸ்இசட் நிகழ்வு விடை. எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் நுழைக்கப்பட்டிருந்ததை 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் கண்டறிந்தார். டெபியனின் சோதனைக் கிளைகளிலும் ஃபெடோராவின் வளர்நிலைக் கிளையிலும் அது புகுந்துவிட்டது. டெபியன் நிலைப் பதிப்பும் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸும் தப்பின.

செயலியும் செலவும்

இமேஜும் சர்வரின் செயலி வகையும் பொருந்த வேண்டும். எக்ஸ்86 செயலிக்கான இமேஜ், அமேசான் 2018இல் கொண்டுவந்த கிராவிட்டான் போன்ற ஆர்ம் செயலிகளில் எழாது. எக்ஸ்86இலும் நிலைகள் உண்டு. ரெட் ஹேட் 9 இரண்டாம் நிலையையும், ரெட் ஹேட் 10 ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் அடங்கிய மூன்றாம் நிலையையும் கோருகின்றன. பழைய வன்பொருளில் ஓடும் மலிவு விலைச் சர்வர்களில் பின்னது இயங்காமல் போகலாம். ஆல்மாலினக்ஸ் 10 மட்டும் இரண்டாம் நிலைக்கெனத் தனி வடிவமும் தருகிறது.

டெபியன், உபுண்டு, ஆல்மா, ராக்கி இமேஜ்களுக்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் இல்லை. ரெட் ஹேட், மற்றொரு வணிக வழங்கலான சூஸ் ஆகியவற்றின் இமேஜ்களில் சந்தாத் தொகை வாடகையோடு சேர்த்தே வசூலிக்கப்படுவது வழக்கம்.

சொந்த இமேஜ்

பல சர்வர்கள் நடத்தும் நிறுவனங்கள் அடிப்படை இமேஜ் ஒன்றை எடுத்து, திருத்தங்களையும் தம் மென்பொருளையும் சேர்த்துச் சொந்த இமேஜ் உருவாக்கிக்கொள்கின்றன. 2013இல் வெளியான பேக்கர் இதற்குப் பெயர்பெற்ற கருவி. நகலெடுக்கும் முன் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகள், மெஷின் ஐடி, கட்டளை வரலாறு, தனிச் சாவிகள் ஆகியவற்றை நீக்குவது கட்டாயம். ஹோஸ்ட் சாவி அப்படியே தங்கினால் எல்லாச் சர்வர்களும் ஒரே அடையாளத்தோடு எழும். ஒன்றில் அது திருடுபோனால் மற்றவற்றைப் போலவும் நடிக்கலாம்.

தெரிவு

சிறப்புத் தேவை ஏதுமில்லாத இணையதளத்துக்கோ பயன்பாட்டு மென்பொருளுக்கோ டெபியன் நிலைப் பதிப்பு அல்லது உபுண்டு எல்டிஎஸ் போதும். சான்றளிக்கப்பட்ட வணிக மென்பொருள் ஓட வேண்டுமானால் ரெட் ஹேட். விற்பனையாளரின் சான்று தேவையில்லை, இணக்கம் மட்டும் போதும் என்றால் ஆல்மா அல்லது ராக்கி. அமேசானை விட்டு நகரும் எண்ணமே இல்லாதவர்களுக்கு அமேசான் லினக்ஸ் பொருந்தும். எதை எடுத்தாலும் அதன் ஆதரவு முடியும் நாளைச் சர்வரைத் தொடங்கும் அன்றே குறித்துவைத்து, அதற்கு ஓராண்டு முன்பே இடமாற்றத்தைத் திட்டமிடுவது நல்ல நடைமுறை.