நீர்க்கோவையும் நெஞ்சகமும்

இன்று இதயச் செயலிழப்பு எனப்படும் நோய்க்கு ஐரோப்பிய மருத்துவத்தில் நெடுங்காலம் தனிப்பெயர் இருந்ததில்லை. கால் வீங்கி, வயிறு பருத்து, மூச்சு முட்டிக் கிடந்தோர் யாவரையும் 'நீர்க்கோவை' நோயாளர் என்று ஒரே பெயரில் அடக்கினர். இதயம் தளர்ந்தாலும் உடலில் நீர் கோக்கும். சிறுநீரகம் கெட்டாலும் கோக்கும். ஈரல் சுருங்கினாலும் கோக்கும். விளைவு ஒன்று, காரணம் பல. குருதி உடலைச் சுற்றி வருவதை வில்லியம் ஹார்வி 1628இல் எடுத்துக் காட்டிய பின்னரும் இக்குழப்பம் தீரவில்லை.

குழப்பத்தில் முதல் ஒளி ஒரு மூலிகையிலிருந்து வந்தது. 1775இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங்கிடம் ஒரு குடும்ப மருந்துக் குறிப்பைக் காட்டிக் கருத்துக் கேட்டனர். சுராப்சயர் மாவட்டத்து மூதாட்டி ஒருவர் அதை மறைபொருளாகக் காத்து வந்தார்; படித்த மருத்துவர் கைவிட்ட நீர்க்கோவை நோயாளர் சிலரை அதனால் எழுப்பியும் விட்டார். (அம்மூதாட்டியின் பெயரை விதரிங் எழுதவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஒரு மருந்து விளம்பரம் அவருக்குப் பெயரும் உருவமும் கற்பித்துவிட்டது!) அக்குறிப்பில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றுள் வேலை செய்வது 'பாக்ஸ்குளோவ்' ஒன்றே என்பதைத் தாவர நூல் வல்லவரான விதரிங் எளிதில் கண்டுகொண்டார். டிஜிட்டாலிஸ் என்பது அதன் இலத்தீன் பெயர்.

பத்தாண்டு ஆய்வுக்குப் பின் 1785இல் அவர் வெளியிட்ட நூலின் சிறப்பு, மருந்து பலித்ததைச் சொல்வதோடு நில்லாமல், யாருக்குப் பலிக்கவில்லை என்பதையும் சொல்வதே. உடல் வலிமையும், சூடான தோலும், சிவந்த முகமும், இறுகிய நாடியும் உள்ளவர்க்கு அது பெரும்பாலும் பலிப்பதில்லை. நாடி நலிந்தோ இடைவிட்டோ துடித்து, முகம் வெளுத்து, உதடு கருநீலம் பாய்ந்து, தோல் சில்லிட்டு, விரலால் அழுத்தினால் கால் வீக்கம் குழிந்துவிடுமாயின் பலிக்கும். இன்றைய மருத்துவ மாணவர் இதைப் படித்தால், தளர்ந்த இதயத்தின் அடையாளங்கள் என்று உடனே சொல்வார். நோயைப் பிரித்தறியும் வேலையை மருந்தே செய்து கொடுத்தது எனலாம்.

ஆயினும் விதரிங் அந்த இறுதி அடியை எடுத்து வைக்கவில்லை. இதயத் துடிப்பின் மீது இம்மருந்துக்கு வியத்தகு ஆற்றல் உண்டு என்று எழுதியவர், அதைச் சிறுநீர் பெருக்கும் மருந்தாகவே பெரிதும் கருதினார்.

1816இல் பாரிசு நெக்கர் மருத்துவமனையில் லேனெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நெஞ்சொலி கேட்டார். அக்குழலே மார்பொலிமானி ஆயிற்று. இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட், சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சும் சோதனையை விளக்கினார். முட்டை வெண்கரு போல் திரண்டால் கோளாறு சிறுநீரகத்தில் என்பது துணிபு. இவ்வாறு நீர்க்கோவை என்ற பழைய மூட்டை அவிழலாயிற்று.

1953இல் சுவீடனில் எட்லரும் ஹெர்ட்சும் மீயொலி கொண்டு இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். 1988இல் சப்பானிய அறிஞர் பன்றியின் மூளையில் ஒரு புரதக்கூறைக் கண்டு, 'மூளை' என்ற அடைமொழியுடனே பெயரிட்டனர். அதை மிகுதியாகச் சுரப்பது இதயமே எனப் பின்னர் தெரிந்தது. குருதியில் அதன் அளவு குறைந்திருந்தால், மூச்சுத் திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் இதயம் அன்று எனலாம். மிகுந்திருந்தாலோ மீயொலிப் படமும் வேண்டும். ஏனெனில் சிறுநீரகம் கெட்டவர்க்கும் அவ்வளவு ஏறும்.